பச்சைத் தேநீரும் சினைப்பை நீர்க்கட்டி நோயின் அழற்சியும்

பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குச் சிகிச்சை பெற வரும் பெண்களும் அவர்தம் தாய்மாரும் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கிரீன் டீ குடித்தால் இது சரியாகிவிடுமா?" சிலர் கேட்பதற்கு முன்பே குடிக்கத் தொடங்கியிருப்பர். வேறு சிலரோ குடிக்கத் தொடங்கிய கையோடு மாத்திரையை நிறுத்தியிருப்பர். முன்னவரைப் பற்றி நாங்கள் பெரிதும் கவலைப்படுவதில்லை. பின்னவரை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தேயிலை கோவைக்கு அயலான பயிர் அன்று. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் நம் மாவட்டத்தைச் சேர்ந்த வால்பாறை வந்துவிடும். உபாசி தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் உள்ளது. மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் குன்னூர்த் தோட்டங்கள். கண்ணெதிரே விளையும் பொருளின்மீது மக்களுக்கு நம்பிக்கை வருவது இயல்பே. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குத் தகும் என்பதை நிதானமாக ஆராய்வோம்.

ஒரே செடி, இரண்டு தேநீர்

நாம் பாலூற்றிக் குடிக்கும் தேநீரும் பச்சைத் தேநீரும் ஒரே செடியின் இலையிலிருந்து வருபவை. பறித்த கொழுந்தை வாடவைத்து, நசுக்கி, காற்றுப்படப் புளிக்கவிட்டால் அது கறுத்துச் சாதாரணத் தேயிலைத் தூளாகிறது. பறித்த உடனேயே ஆவியிலோ சூடான வாணலியிலோ வாட்டினால், இலையைக் கறுக்கச் செய்யும் நொதி செயலிழந்துவிடும். இலையும் பச்சையாகவே நிற்கும். இவ்வாறு செய்வதால் கேட்டச்சின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் மிகுதியாக எஞ்சுகின்றன. அவற்றுள் தலையாயது ஈ.ஜி.சி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேர்மம். பச்சைத் தேநீரைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளுள் பெரும்பாலானவை இந்தச் சேர்மத்தைச் சுற்றியே எழுந்தவை.

நீறு பூத்த நெருப்பு

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறது. உடலைக் காக்க வெள்ளையணுக்கள் திரண்டு வருவதன் அடையாளம் அது. இதனையே அழற்சி என்கிறோம். முள் நீங்கிப் புண் ஆறியதும் அழற்சியும் அடங்கிவிடும். இது நமக்கு நன்மை செய்வது.

பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் காணப்படும் அழற்சி வேறு வகையானது. அதில் வீக்கமோ காய்ச்சலோ இராது. நீறு பூத்த நெருப்பைப்போல உடலெங்கும் மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். அதனைக் குருதிப் பரிசோதனையில்தான் காண இயலும். அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்னும் புரதம் அதற்கான அளவுகோல்களுள் ஒன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பாய்வு, இந்நோயுள்ள பெண்களின் சி.ஆர்.பி. அளவு மற்ற பெண்களுடையதைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதைக் காட்டியது. உடல் எடை ஒத்த பெண்களை ஒப்பிட்டபோதும் அவ்வேறுபாடு மறையவில்லை.

இந்த நெருப்புக்கு விறகு எங்கிருந்து வருகிறது? முதலாவது, வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு. கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது ஓயாமல் சுரக்கிறது. இரண்டாவது, சர்க்கரை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குளுக்கோஸ் நீரைப் பருகியபின் இந்நோயுள்ள பெண்களின் வெள்ளையணுக்களில் தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுதியாவது கண்டறியப்பட்டது.

அழற்சி கூடும்போது இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது குறைகிறது. அதனை ஈடுகட்டக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்மை இயக்குநீர்களைப் பெருக்குகிறது. அதன் விளைவுகளே முகத்தில் முடி வளர்வதும் பருக்கள் தோன்றுவதும் மாதவிடாய் தள்ளிப்போவதும். ஸ்கேனில் தெரியும் 'நீர்க்கட்டிகள்' உண்மையில் கட்டிகளே அல்ல. முதிர்ந்து வெடிக்க வேண்டிய கருமுட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிட்டதன் தோற்றமே அது. எனவே, 'கட்டியைக் கரைக்கும்' என்று சொல்லி விற்கப்படும் எந்தப் பொருளையும் ஐயத்தோடே நோக்க வேண்டும். கரைப்பதற்கு அங்கே கட்டி இல்லை.

தேநீர் ஆய்வுகள் காட்டுவன

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களின்மீது ஈ.ஜி.சி.ஜி. சேர்மத்தைச் செலுத்தினால், அழற்சியைத் தூண்டும் சைகைகள் தணிகின்றன. இது பலமுறை காட்டப்பட்ட உண்மை. ஆயினும் ஆய்வுக்கூடக் குப்பி வேறு, மனித உடல் வேறு. நாம் பருகும் தேநீரிலுள்ள இச்சேர்மத்தில் மிகச் சிறு பகுதியே குடலைக் கடந்து குருதியில் கலக்கிறது. ஆகவே, நோயுள்ள பெண்களிடமே நடத்தப்பட்ட ஆய்வுகளைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஹாங்காங்கில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், உடற்பருமனும் பி.சி.ஓ.எஸ்.ஸும் உள்ள 34 பெண்கள் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்குப் பச்சைத் தேநீர் மாத்திரைகளும் மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரைகளும் மூன்று மாதங்கள் தரப்பட்டன. எடையிலோ இயக்குநீர்களிலோ இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஈரானில் 60 பெண்களிடம் 12 வாரங்கள் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு சற்று நம்பிக்கை தருகிறது. பச்சைத் தேநீர் மாத்திரை உட்கொண்டவர்களுக்கு எடையும், வெறும் வயிற்று இன்சுலினும், டெஸ்டோஸ்டிரோன் இயக்குநீரும் குறைந்தன.

அதே ஆண்டில் ஈரானிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு அழற்சியையே நேரடியாக அளந்தது. 45 பெண்கள், 45 நாள்கள். தேநீர் மாத்திரை பெற்றவர்களுக்கு எடையும் இடைச்சுற்றளவும் உடற்கொழுப்பும் குறைந்தன. ஆனால் சி.ஆர்.பி. உள்ளிட்ட அழற்சிக் குறியீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் ஏற்படவில்லை.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? இவை யாவும் சிறிய ஆய்வுகள். சில வாரங்களோ சில மாதங்களோ நடந்தவை. பச்சைத் தேநீர் எடையைச் சிறிது குறைக்கத் துணை செய்யக்கூடும். அந்த வழியாக நாளடைவில் அழற்சியும் தணிய வாய்ப்புண்டு. ஆனால் அது பி.சி.ஓ.எஸ். நோயின் அழற்சியை நேரடியாக அணைத்துவிடும் என்று சொல்ல இன்று சான்று இல்லை. பச்சைத் தேநீரை நல்ல பானம் எனலாம், மருந்து எனல் ஆகாது.

கோப்பையிலிருந்து எதை நீக்குகிறோம்?

அப்படியானால் பச்சைத் தேநீரால் பயனே இல்லையா? உண்டு. அது பெரும்பாலும் கோப்பையில் சேர்ப்பதனால் வருவதன்று, கோப்பையிலிருந்து நீக்குவதனால் வருவது.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வேலைக்குச் செல்லும் பெண் ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். எழுந்ததும் ஒரு காப்பி, பதினொரு மணிக்கு ஒரு தேநீர், மாலையில் பேக்கரியில் தேநீரும் அதனோடு ஒரு பப்ஸோ தேங்காய் பன்னோ, வீடு திரும்பியதும் மற்றொரு கோப்பை. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்று கொண்டால், நான்கு கோப்பைக்கு ஏறத்தாழ 35 முதல் 40 கிராம் ஆகிறது. உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. பேக்கரிப் பண்டங்களைக் கணக்கில் சேர்க்காமலேயே நாம் அந்த எல்லையைக் கடந்துவிடுகிறோம்.

சர்க்கரையே இந்த நெருப்புக்கு விறகு என்று மேலே கண்டோம். நான்கு இனிப்புக் கோப்பைகளில் இரண்டை நீக்கி, அவ்விடத்தில் சர்க்கரையற்ற பச்சைத் தேநீரை வைத்தால் அது மெய்யான பயனே. இனிப்பில்லாச் சுக்கு நீரோ, உப்பிட்ட மோரோ, வெறும் தண்ணீரோ வைத்தாலும் அதே பயன் கிடைக்கும். பச்சைத் தேநீரின் சுவை பிடிக்காத பெண்கள் அதனை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கசப்பைப் போக்கத் தேனோ, வெல்லமோ, நாட்டுச்சர்க்கரையோ கலந்து குடிப்போர் பலர். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை நம் மண்ணின் பெருமைதான். ஆயினும் குருதியை அடைந்தபின் அதுவும் சர்க்கரையே. இன்சுலினுக்கு வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை என்ற வேற்றுமை பெரிதாகத் தெரியாது.

நெருப்பை மெய்யாகவே தணிப்பவை

பி.சி.ஓ.எஸ். சிகிச்சைக்கான பன்னாட்டு வழிகாட்டுதல் 2023ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. நல்லுணவு, உடலுழைப்பு, உறக்கம் ஆகியவற்றைப் பேணும் வாழ்க்கைமுறையை அது எல்லா நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறது. ஏதேனும் ஓர் உணவுமுறை மற்றவற்றைவிடச் சிறந்தது என்று அது சொல்லவில்லை. தமக்கு ஒத்துவருவதும் நெடுநாள் கடைப்பிடிக்கக்கூடியதுமான நல்லுணவே போதும். இது நமக்கு மகிழ்ச்சியான செய்தி. ஏனெனில் கொங்கு நாட்டு அடுக்களையில் அதற்கான பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு ஆகியவற்றில் புரதமும் நார்ச்சத்தும் நிறைந்துள்ளன. கம்பஞ்சோறும் சோளச்சோறும் ராகிக் களியும் நம் முன்னோர் உண்டு உழைத்த உணவுகள். ஆனால் களியாயினும் அளவு வேண்டும். உருண்டையைச் சிறிதாக்கிக் கீரைக் கடைசலையும் பயற்றையும் பெரிதாக்குவதே முறை. அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் சோற்றில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பயறோ முட்டையோ மீனோ, கால் பங்கு சோறு என்பது எளிதில் நினைவிற்கொள்ளத்தக்க கணக்கு. நோன்பி நாளில் ஒப்புட்டு ஒன்று உண்பதால் கேடில்லை. நாள்தோறும் உண்ணும் இனிப்பே கேடு.

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல். நாளொன்றுக்கு அரை மணி நேரம் விரைந்து நடந்தால் ஐந்து நாள்களில் 150 நிமிடம் நிறைவேறிவிடும். அத்துடன் வாரத்தில் இரு நாள்கள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. எடை மிகுந்தவர்கள் தம் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோ. மெலிந்த உடல்வாகுள்ள பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அவர்கள் எடையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் நடையும் நல்லுணவும் அவர்களுக்கும் உரியவை.

உறக்கத்தை மறந்துவிடக் கூடாது. ஆலைகளிலும் கணினி நிறுவனங்களிலும் இரவுப் பணி செய்யும் பெண்கள், பகலிலேனும் இருட்டறையில் ஏழு மணி நேரம் உறங்குவதற்கு வீட்டார் வழி செய்ய வேண்டும்.

மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

மெட்பார்மின் மாத்திரை இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறனைக் கூட்டுகிறது. இயக்குநீர் மாத்திரைகள் மாதவிடாயை ஒழுங்குபடுத்திக் கருப்பையின் உட்சுவரைக் காக்கின்றன. மாதவிடாய் பல மாதங்கள் வராமலிருந்தால் அந்த உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அது கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு இடமளிக்கக்கூடும். இளவயதில் அந்த இடர் சிறிதே ஆயினும், இந்நோயுள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதல். பச்சைத் தேநீரால் இந்த உட்சுவரைக் காக்க இயலாது. எனவே மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால், எந்தப் பானத்தையும் நம்பிக் காத்திராமல் மருத்துவரைக் காணுங்கள்.

மாத்திரையால் வயிற்றுப்புரட்டலோ வேறு தொல்லையோ இருந்தால் அதனை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தர இயலும். சொல்லாமல் நிறுத்துவதே ஆபத்து.

குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலையிட்டு, மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். கொதிக்கும் நீரில் நெடுநேரம் ஊறினால் கசக்கும். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று கோப்பை போதும். அதனோடு பின்வருவனவற்றையும் மனத்திற்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்து: தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் குருதிச்சோகை இருப்பதை 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. தேநீரின் துவர்ப்பு, கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஆகவே உணவோடும் இரும்பு மாத்திரையோடும் தேநீர் அருந்தாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

தைராய்டு மாத்திரை: இந்நோயோடு தைராய்டுக் குறைபாடும் உள்ளவர்கள் அம்மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டுமே விழுங்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குப் பிறகே தேநீரோ காப்பியோ அருந்தலாம்.

கருத்தரிக்க முயல்வோரும் கருவுற்றோரும்: பச்சைத் தேநீரிலும் கஃபீன் உண்டு. காப்பி, தேநீர் அனைத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் கஃபீன் இருப்பது நலம். ஃபோலிக் அமில மாத்திரையைத் தேநீரோடு சேர்த்து உட்கொள்ளாதீர்கள்.

உறக்கம்: மாலை நான்கு மணிக்குமேல் தேநீரைத் தவிர்ப்பது நல்லது.

குருதி உறைவைத் தடுக்கும் மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ உட்கொள்பவர்கள், பச்சைத் தேநீரை மிகுதியாகக் குடிக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றினும் மேலான எச்சரிக்கை, பச்சைத் தேநீர்ச் சாறு அடங்கிய மாத்திரைகளையும் எடை குறைப்புப் பொடிகளையும் பற்றியது. தேநீராகக் குடிப்பவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. கிடைக்கிறது. சில மாத்திரைகளில் இதனைப்போலப் பன்மடங்கு செறிந்துள்ளது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பின் அறிகுறியான நொதிகள் குருதியில் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. 'இயற்கையானது' என்ற சொல் கல்லீரலைக் காக்காது. மேலே சொன்ன ஆய்வுகளில் மாத்திரை தரப்பட்டது மருத்துவக் கண்காணிப்பில் என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவர் அறியாமல் இவற்றை வாங்கி உண்ணாதீர்கள். உண்டவர்களுக்குக் கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், வலப்புற மேல்வயிற்றில் வலி, தோல் அரிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் உண்டு. இது எவருடைய சோம்பலாலும் வந்ததன்று. "வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும்" என்று சொல்வதும், மணவிழாக்களில் முகமுடியையும் எடையையும் சுட்டிப் பேசுவதும் நோயைக் குறைப்பதில்லை. அவை மனத்தையே வாட்டுகின்றன. இந்நோயுள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதியாகக் காணப்படுவதால், அவற்றையும் பரிசோதிக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் கூறுகிறது.

மகளுக்கு மட்டும் ஒரு கோப்பை பச்சைத் தேநீரைத் தந்துவிட்டு, மற்ற அனைவரும் இனிப்புத் தேநீரும் பலகாரமும் உண்டால் அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? வீட்டில் சர்க்கரையைக் குறைப்பதென்றால் எல்லோருக்கும் குறையுங்கள். மாமியாரின் நீரிழிவுக்கும் கணவரின் தொப்பைக்கும் அதுவே நல்லது. மாலை நடைக்கு அவரை மட்டும் அனுப்பாமல் உடன் செல்லுங்கள்.

அடுத்த ஆலோசனைக்கு வரும்போது மூன்றினை மறவாமல் கொண்டுவாருங்கள்: கடந்த ஆறு மாத மாதவிடாய்த் தேதிகள், இப்போது உட்கொள்ளும் மாத்திரை, பொடி, பானம் அனைத்தின் பட்டியல், உங்கள் மனத்திலுள்ள கேள்விகள். பட்டியலில் பச்சைத் தேநீர் இருந்தால் அதையும் எழுதுங்கள். அதற்காக உங்களை யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். சர்க்கரையில்லாமல், உணவுக்கு இடையே, அளவோடு குடிக்கிறீர்கள் என்றால் தொடரச் சொல்வோம். மாத்திரையையும் நடையையும் அதனோடு தொடரச் சொல்வோம்.